பிரதி முதலில், சர்வர் அப்புறம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய வீட்டிலேயே சர்வர், அதாவது எப்போதும் ஓடி மற்றக் கருவிகளுக்குக் கோப்பு தரும் கணினி, வைப்பது பற்றித்தான். எந்த மெஷின் வாங்கலாம், எந்த மென்பொருள் போடலாம் என்று கேட்கிறீர்கள். நான் திருச்சியில் கணினி சர்வீஸ் கடை நடத்துகிறவள். என் மேஜைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்க் போய், டேட்டாவும் போய் வருகிறவர்கள். அதனால் எந்தக் கேள்விக்கும் என் பதில், இன்னொரு காப்பி எங்கே இருக்கிறது என்பதில்தான் தொடங்கும். நான் போடச் சொல்லும் மென்பொருள்கள் காசில்லாமல் கிடைப்பவை, மூலநிரல் யாரும் பார்க்கும்படி திறந்தவை. விலக்காக உள்ள ஒன்றை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 300, 400 ஜிபி ஆகிவிடுகிறது. நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டியான நாஸ் வாங்கி, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா பதியும்படி ரெய்டு 1-இல் போட்டிருக்கிறேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்றார் கடைக்காரர். இதற்கு மேலும் பேக்கப் வேண்டுமா?
– ஸ்டுடியோ உரிமையாளர், கும்பகோணம்

பதில்: கண்டிப்பாக வேண்டும் தம்பி. கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு 1 கைகொடுக்கும், அன்றைய வேலை நிற்காது. அந்த ஒரு ஆபத்துக்குத்தான் அது. உதவிக்கு இருக்கும் பையன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் பவர் சப்ளை எரிந்தாலோ, பெட்டியையே எவனாவது தூக்கிக்கொண்டு போனாலோ இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே லாட்டில் வாங்கிய இரண்டு டிஸ்க் அடுத்தடுத்துச் சாவதும் நடக்கிறது.

3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது, அதாவது உங்கள் தொழில்காரரே சொன்னது. எந்தக் கோப்புக்கும் மொத்தம் 3 பிரதி, 2 வகை சாதனத்தில், அதில் 1 வேறு இடத்தில். உங்கள் நாஸ், டிஸ்க் இரண்டு இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரே பிரதிதான்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். மேலே மார்க்கரில் 'அ', 'ஆ' என்று எழுதுங்கள். ஒரு வாரம் 'அ'-வில் பேக்கப், மறு வாரம் 'ஆ'-வில். பேக்கப் ஓடும் நேரம் தவிர டிஸ்க் எந்த மெஷினிலும் செருகியிருக்கக் கூடாது. ஓய்வில் இருப்பது வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் அதிகம். அப்படியென்றால் வீடு வேறு இடம் ஆகாது. மாமியார் வீட்டுப் பீரோவில் கொண்டுபோய் வையுங்கள். கல்யாணத்தில் எடுத்த மெமரி கார்டை, நாஸில் ஒன்று, போர்ட்டபிளில் ஒன்று என்று இரண்டு பிரதி சேர்ந்த பிறகே ஃபார்மட் செய்ய வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி எடிட்டிங் மேஜைக்கு மேலே ஒட்டுங்கள்.

பேக்கப் எடுக்க ரெஸ்டிக் என்ற மென்பொருள் போதும். முதல் தடவை எல்லாவற்றையும் எடுக்கும், அடுத்த தடவையிலிருந்து புதியதை மட்டும் எடுக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு தேதியிட்ட நிலையாகப் பதிவதால், போன மாதம் அழித்த கோப்பைக்கூட இன்றைக்கு எடுக்கலாம். எல்லாம் பூட்டுப் போட்டே பதிவாகும். பாஸ்வேர்டு போனால் டேட்டா போனதுதான், மாற்று வழியே கிடையாது. அதைக் காகிதத்தில் எழுதிக் கடைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மாதம் ஒருமுறை பழைய கல்யாணம் ஒன்றைப் பேக்கப்பிலிருந்து காலி ஃபோல்டருக்குத் திரும்ப எடுங்கள். நாலு ரா கோப்பை (கேமராவின் மூலப் பதிவு) திறங்கள், ஒரு வீடியோவைக் கடைசி வரை ஓட்டுங்கள். கிட்லாப் என்ற பெரிய நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்தது எல்லாருக்கும் தெரிய வேண்டும். இரவு வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து முக்கிய டேட்டாபேஸை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப்பிலிருந்து எடுப்போம் என்று போனால், தினமும் ஓட வேண்டிய பேக்கப் ஓடவே இல்லை. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி அதைவிடப் பழைய பதிப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் பிரதிதான், காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், ஒருமுறைகூடத் திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நீங்களும் நானும் எப்படி நம்புவது?

கேள்வி: 4 டிபி டிஸ்க் வாங்கினேன். விண்டோஸில் 3.63 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 1000-த்தால் பெருக்கிக்கொண்டே போகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இரண்டும் அதே 4 லட்சம் கோடி பைட்தான்.

ஆனால் '16 டிபி எஸ்எஸ்டி, சில ஆயிரம் ரூபாய்' என்று ஆன்லைனில் வருவது மோசடி. உள்ளே ஒரு சின்ன மெமரி சிப்பை வைத்து, கணினிக்குப் பெரிய அளவைக் காட்டும்படி செய்திருப்பார்கள். இடம் நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அதுவும் உங்களுக்குத் தெரியாமல். சந்தேகம் இருந்தால் லினக்ஸில் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) எஃப்3 என்ற கருவியால் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சோதிக்கலாம்.

கேள்வி: அக்கா, கூகுள் கணக்கில் 15 ஜிபி நிரம்பிவிட்டது. குழந்தைகள் பிறந்ததிலிருந்து எல்லாப் படமும் அதில்தான். பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் இம்மிச் என்ற போட்டோ மென்பொருளைப் போடலாம் என்கிறார் தம்பி. செய்யலாமா? வெளியூரில் இருக்கும்போதும் போனில் பார்க்க முடியுமா? கரண்ட் பில் எகிறுமா?
– இல்லத்தரசி, வேளச்சேரி, சென்னை

பதில்: தாராளமாகச் செய்யலாம். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படமெல்லாம் அந்த 15 ஜிபி கணக்கில் சேர ஆரம்பித்தது. அதிலிருந்தே இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டிருக்கிறது. இம்மிச், போனில் எடுக்கும் படத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும், முகத்தை வைத்துத் தேடும், தேதி வாரியாகக் காட்டும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைக்கலாம்.

லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. குறைவென்றால் முகம் தேடும் பகுதியை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, அதன் மேல் டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டி போல வைத்து ஓட்டும் கருவி) இம்மிச்சை நிறுவுவதுதான் வழக்கமான வழி. மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி தம்பியை மாற்றச் சொல்லுங்கள். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் சட்டென்று அணையாது. ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் டச்பேட் லேசாக மேலே தூக்கி நிற்கும். விரலால் தடவிப் பாருங்கள். அப்படி இருந்தால் அதை ஒரு நாளும் ஓட்டாதீர்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சின்ன யூபிஎஸ்ஸில் இணையுங்கள்.

கரண்ட் பில் பற்றிக் கவலை வேண்டாம். திரை அணைந்த லேப்டாப் சுமார் 15 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடி இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள் வரும்.

கூகுளில் இருப்பதை எடுக்க டேக்அவுட் என்ற வசதி உண்டு. அது பல ஜிப் கோப்புகளாகத் தரும். படம் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் படத்தின் பக்கத்தில் ஜேசன் என்ற தனிக் கோப்பில் வரும். படத்தை மட்டும் இழுத்துப் போட்டால் சில படங்கள் இன்றைய தேதியில் போய் உட்கார்ந்துவிடும். இம்மிச்-கோ என்ற கருவி இரண்டையும் சேர்த்துப் படித்து ஏற்றும், அதையே பயன்படுத்துங்கள். ஏற்றி முடித்ததும் கூகுளில் அழிக்கத் தோன்றும். பொறுங்கள். கீழே சொல்வதை முடித்துவிட்டு அப்புறம் அழிக்கலாம்.

பலரும் படங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு, முடிந்தது என்று இருக்கிறார்கள். ஆல்பம், யார் முகம் யாருடையது, எது யாருடைய கணக்கு என்பதெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் தனியாக இருக்கிறது. இம்மிச்சே அந்த டேட்டாபேஸின் பிரதியைத் தினமும் எடுத்து, ஏற்றிய படங்கள் இருக்கும் அதே இடத்தில் 'பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டரில் போடும். உங்கள் பேக்கப்பில் அந்த ஃபோல்டரும் சேர்ந்திருக்கிறதா என்று தம்பியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வேளச்சேரி என்று எழுதியிருக்கிறீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் உங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் லேப்டாப் தரையிலோ டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டிலோ இருக்கக் கூடாது. ஒரு பிரதி ஊருக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும். ஊரில் அண்ணனோ அக்காவோ இருந்தால் ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்து, பொங்கலுக்குப் போகும்போது கொடுத்துவிட்டு, அடுத்து போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். இணையம் வழியாகத் தினமும் அனுப்புவதும் முடியும். ஆனால் முதல் பிரதியைக் கையில் கொண்டுபோவதுதான் சுலபம். 500 ஜிபியை 40 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு வருகிறேன். யூடியூபில் பார்த்துவிட்டு ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொல்வார்கள், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வர ஒரு வாசல் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். பல இணைப்புகளில் அது வேலையே செய்யாது, ஏனென்றால் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி, அதாவது இணையத்திலிருந்து நேராக வந்துசேரும் முகவரி, கிடையாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அந்த வகைதான். வேலை செய்கிற இணைப்பிலும் திறக்காதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், நேராக இணையத்தைப் பார்த்து நின்ற கியூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. அதில் எத்தனை வீட்டுக் குழந்தைகளின் படம் இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டால் எந்தப் போர்ட்டும் திறக்காமல் உங்கள் போனும் லேப்டாப்பும் மட்டும் ஒரு வலையில் சேரும். அதன் அடியில் இருப்பது 2020-இல் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்த வயர்கார்ட் என்ற பூட்டிய இணைப்பு முறை. டெயில்ஸ்கேலின் நடுவில் இருக்கும் சர்வர் அந்த நிறுவனத்துடையது, அதன் நிரல் திறந்ததல்ல. அதுவும் நம் கையில் வேண்டும் என்றால், அந்த சர்வருக்குப் பதிலாக நாமே ஓட்டக்கூடிய ஹெட்ஸ்கேல் இருக்கிறது. ஆரம்பத்திலேயே அது வேண்டாம்.

கேள்வி: போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையில் கோப்புகளை ஒன்றுபோல் வைக்கும் சிங்க்திங் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். இரண்டிலும் எல்லாம் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: போனில் ஒரு படத்தை அழித்துவிட்டு லேப்டாப்பைப் பாருங்கள். அங்கும் போயிருக்கும். சிங்க்திங் சொன்ன வேலையைத்தான் செய்கிறது, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைப்பது அதன் வேலை. லேப்டாப் பக்கத்தில் ஃபோல்டர் அமைப்புக்குள் போய் வெர்ஷனிங்கை இயக்குங்கள். போனில் அழித்ததும், மாற்றியதன் பழைய வடிவும் லேப்டாப்பில் ஒரு தனி ஃபோல்டரில் தங்கும். அது சின்னப் பாதுகாப்பு. புராஜெக்ட், தீசிஸ் போன்றவை ரெஸ்டிக்கிலும் போகட்டும்.

கேள்வி: கிராமம் கிராமமாகப் போய் ஒப்பாரி, தாலாட்டுப் பாடல்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பாடியவர் பெயர், ஊர், பாட்டின் முதல் வரி என எல்லாவற்றையும் தமிழிலேயே கோப்புப் பெயராக வைப்பது வழக்கம். புதிதாக அமைத்த லினக்ஸ் சர்வருக்குக் காப்பி செய்தால் சில கோப்புகள் 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடுகின்றன. நண்பரின் பழைய மேக்கிலிருந்து வந்தவற்றில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிகின்றன. வைரஸா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: வைரஸ் இல்லை. நீங்கள் செய்வது பெரிய வேலை, அந்தப் பாட்டிகள் பாடியதற்கு இன்னொரு பதிவு இருக்கப் போவதில்லை. அதனால் இதை விளக்கமாகவே சொல்கிறேன்.

லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். கோயில் என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து. உள்ளே க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு குறியீடு, 18 பைட். இந்தக் கணக்கில் 45 எழுத்தைத் தாண்டினாலே பல தமிழ்ப் பெயர்கள் எல்லையைத் தொட்டுவிடும். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே சிக்கல் தெரியவில்லை. நின்றுபோன கோப்புகளின் பட்டியலை உடனே எடுத்து வையுங்கள். காப்பி முடிந்தது என்று நினைத்து மூலத்தை அழித்துவிட்டால் நீளப் பெயர் வைத்த பாட்டுகள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

மேக் விஷயம் வேறு. ஓகாரக் குறியை, கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. பழைய மேக் கோப்பு முறை எப்போதும் பிரித்துத்தான் வைக்கும். நம் விசைப்பலகைகள் பொதுவாகச் சேர்த்து எழுதும். திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். லினக்ஸோ பைட்டைப் பார்ப்பதால் அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். 'தாலாட்டு'க்கு இந்தத் தொல்லை வராது, 'கோவில்பட்டி'க்கு வரும். கான்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி (சேர்த்து எழுதும்) வடிவுக்கு மாற்றச் சொன்னால் பெயர்களை எல்லாம் ஒரே மாதிரி ஆக்கும். முதலில் வெறும் ஒத்திகையாகத்தான் ஓடும், என்ன மாற்றப் போகிறது என்று காட்டும். படித்துப் பார்த்துவிட்டு, உண்மையாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். இரட்டையாகத் தெரிபவற்றில் எதையும் கேட்டுப் பார்க்காமல் அழிக்காதீர்கள்.

இனி பெயரைச் சுருக்குங்கள்: தேதி, ஊர், வரிசை எண். பாடியவர், முதல் வரி, யாருக்காகப் பாடிய ஒப்பாரி என்ற விவரங்களை ஒரு விரிதாளில் அந்த எண்ணோடு சேர்த்து எழுதி, ஒலிக்கோப்புகளோடே வையுங்கள். ஒலியைத் தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் காக்க வேண்டும். எம்பி3 நண்பர்களுக்கு அனுப்ப மட்டும்.

கேள்வி: அம்மா, என் கணவர் வீட்டில் ஒரு சின்ன கணினியை வைத்து எங்கள் படம், வீடியோ எல்லாம் அதில் சேர்த்து வைத்திருந்தார். நான்கு மாதம் முன்பு தவறிவிட்டார். பெட்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கடையில் கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் ஒன்று, அந்தப் பெட்டியை அணைக்காதீர்கள் அம்மா. கடைக்கும் இப்போது தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அவர் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால், ஓடும்வரை அது திறந்திருக்கிறது. ஒருமுறை அணைந்துவிட்டால் பாஸ்வேர்டு கேட்கும். சுவிட்சுக்கு மேலே 'தொடாதே' என்று எழுதி ஒட்டுங்கள். இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஆனால் அதற்காக பிளக்கைப் பிடுங்க விடாதீர்கள்.

அடுத்து, அவருடைய போனையும் உங்கள் போனையும் எடுங்கள். படங்களைப் பார்த்த ஆப் ஏற்கெனவே உள்ளே நுழைந்த நிலையில் இருந்தால் பாஸ்வேர்டு கேட்காது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே திறந்து, முக்கியமானவற்றை முதலில் போனில் இறக்குங்கள். அவர் லேப்டாப் இருந்தால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு பட்டியலைப் பாருங்கள். டைரி, பில் புத்தகம், ரவுட்டரின் அடிப்பக்கம் என்று எழுதி வைத்திருக்கக்கூடிய இடங்களையும் தேடுங்கள்.

இதில் முடிந்தவரை எடுத்த பிறகே லினக்ஸ் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. அப்போது பெட்டியை அணைத்து, லினக்ஸ் பென்டிரைவில் துவக்கி, டிஸ்க்கில் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் திறந்தாலே எல்லாம் தெரியும். டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால், முதலில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வேலை செய்யச் சொல்லுங்கள். யாராவது அந்த டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால், பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாததால் வருவது அது. கேன்சல்தான் அழுத்த வேண்டும்.

லக்ஸ் என்ற லினக்ஸ் டிஸ்க் பூட்டு முறையில் பூட்டியிருந்து, பாஸ்வேர்டும் கிடைக்காமல், பெட்டியும் அணைந்துவிட்டால் யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

படங்கள் கிடைத்ததும் எந்தப் பூட்டும் இல்லாமல், விண்டோஸும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்த இரண்டு சாதாரண போர்ட்டபிள் டிஸ்க்கில் காப்பி செய்து தரச் சொல்லுங்கள். இரண்டையும் பிள்ளைகளின் கணினியில் செருகி, படத்தைத் திறந்து, வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள். அதுவரை பழைய பெட்டி அப்படியே இருக்கட்டும்.